பேப்பர் இப்போ யார் மேசையில? ஜர்னல் சாஃப்ட்வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் இரண்டு சின்ன ஆய்விதழ்களுக்கு ஆசிரியர் குழு உதவியாளராக இருக்கிறேன். ஒன்று பொறியியல், இன்னொன்று சமூக அறிவியல். தமிழ் பேசும் ஒருத்தி இந்த வேலையில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு என் நம்பரை வாங்கிவிட்டார்கள். மல்லேஸ்வரத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பிஎச்டி பிள்ளைகள், ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரி விரிவுரையாளர்கள், அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமான ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் என்று யார் கூப்பிட்டாலும், இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் சாஃப்ட்வேர் பற்றிக் கேட்பது அதே பத்துப் பதினைந்து சந்தேகம்தான். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். மேலிருந்து படியுங்கள், பின்னால் உள்ள பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

மேடம், பேப்பரை எடிட்டருக்கு மெயில்ல அனுப்பிட்டா முடிஞ்சுது. எதுக்கு இத்தனை பக்கம் ஃபார்ம் நிரப்பணும்?

நான் மெயில் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எடிட்டரின் இன்பாக்ஸில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ரிவைஸ்டு ஃபைனல் நியூ' என்று ஒரே பேப்பர் மூன்று அவதாரத்தில் கிடக்கும். எந்த ரிவ்யூவருக்கு, அதாவது கட்டுரையை மதிப்பிடும் துறை ஆளுக்கு, எது போனது என்று எக்செல்லில் குறித்து வைப்போம், அந்த எக்செல்லும் இரண்டு பேர் கணினியில் இரண்டு விதமாக இருக்கும். ஒருமுறை திருத்திய கட்டுரைக்குப் பதில் பழையதையே மறுபடி ரிவ்யூவருக்கு அனுப்பித் தொலைத்தேன். 'நான் சொன்ன ஒன்றைக்கூடத் திருத்தவில்லையே' என்று அவர் எரிந்து விழுந்தார், பாவம், கட்டுரை எழுதியவருக்கும் அதில் கெட்ட பேர்.

இந்த சாஃப்ட்வேரை அரசு அலுவலகத்தின் ஃபைல் நகர்வுப் பதிவேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வடிவம், எந்தத் தேதியில், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எழுதிக்கொண்டே வரும், தவணை தாண்டினால் நினைவூட்டல் அனுப்பும். அவ்வளவுதான். உங்கள் கட்டுரை நல்லதா கெட்டதா என்று அது முடிவெடுப்பதில்லை. கட்டுரை எந்த நேரமும் யாரோ ஒருவர் மேசையில்தான் இருக்கும்: உங்களுடையது, இதழ் அலுவலகத்துடையது, எடிட்டருடையது, இல்லையென்றால் ரிவ்யூவருடையது. என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி, யார் மேசை என்று தெரிந்தாலே தீர்ந்துவிடுகிறது.

கிளவுட்னா என் பேப்பர் எங்கேதான் இருக்கு? வெளியாகுறதுக்கு முன்னாடி யாராவது திருடிட்டா?

யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, நீங்களும் எடிட்டரும் பிரவுசர் வழியாகப் போய்ப் பார்க்கிறீர்கள். உங்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், காப்புப் பிரதி எடுப்பது, புதுப்பிப்பது எல்லாம் அவர்கள் தலைவலி.

திருட்டைப் பொறுத்தவரை, எல்லோரும் ஹேக்கரை நினைத்துப் பயப்படுகிறார்கள். 2016-ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வாளர், தன் கட்டுரையைத் திருடியவருக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். திருடியவர் யார் தெரியுமா? அதே இதழுக்காக அந்தக் கட்டுரையை ரிவ்யூ செய்தவர். இதழ் கட்டுரையை நிராகரித்த பிறகு, அதைத் தன்னுடையதாக வேறொரு இதழில் வெளியிட்டுவிட்டார். முறையான பாஸ்வேர்டோடு உள்ளே வந்த ஆள், பூட்டு என்ன செய்யும்? ஆனால் இது அபூர்வம். பயமாக இருந்தால், இதழ் அனுமதித்தால், ரிவ்யூவுக்கு முந்தைய வடிவத்தைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளம் ஒன்றில் முதலில் ஏற்றிவிடுங்கள், தேதியோடு உங்கள் பெயர் பதிவாகிவிடும்.

ஒவ்வொரு ஜர்னலும் ஒவ்வொரு மாதிரி இருக்கே அக்கா, மொத்தம் எத்தனை சாஃப்ட்வேர்தான் இருக்கு?

நிறைய இருக்கிறது, ஆனால் நீங்கள் அடிக்கடி மோதப்போவது மூன்று நான்கோடுதான். எடிட்டோரியல் மேனேஜர், ஏரிஸ் சிஸ்டம்ஸ் செய்தது, 2018-ல் எல்சிவியர் பதிப்பகம் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. ஸ்காலர்ஒன், ஒருகாலத்தில் மேனுஸ்கிரிப்ட் சென்ட்ரல் என்ற பெயர், கிளாரிவேட்டிடம் இருந்து 2024-ல் சில்வர்சேர் கைக்குப் போனது. ஈஜர்னல்பிரஸ், 2021 முதல் வைலி பதிப்பகத்துடையது. பதிப்பகங்களே சாஃப்ட்வேர் கம்பெனிகளை வாங்கிப் போடுகின்றன என்பதைக் கவனியுங்கள், கட்டுரை உள்ளே வரும் வாசல் யாருடையதோ அவர்களுக்கு அதில் ஆதாயம் இருக்கிறது.

நான்காவது ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓஜேஎஸ். கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி 1998-ல் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்டின் பிள்ளை இது, 2001-ல் முதல் பதிப்பு வந்தது. திறமூலம், இலவசம். இந்தியாவில் பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் நடத்தும் இதழ்களில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

ஒரே சாஃப்ட்வேராக இருந்தாலும் இதழுக்கு இதழ் தனிக் கணக்கு தேவைப்படலாம். அதற்குத்தான் ஆர்க்கிட் எண், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண், எடுத்து வையுங்கள் என்கிறேன். 2012-ல் வந்தது, 16 இலக்கம், காசு கிடையாது, பல தளங்களில் அதைக் கொண்டே உள்ளே போகலாம். ஆர்க்கிட்டின் வேறு பயன்களுக்கு அடுத்த கேள்வியையும் கடைசிக் கேள்வியையும் பாருங்கள்.

என் பேரு கு. முருகன், அவ்வளவுதான். 'லாஸ்ட் நேம்' கட்டாயம்னு சிவப்புல கத்துது. என்ன போடறது?

தமிழர்களுக்கென்றே வைத்த கண்ணி இது. பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே போடுகிறேன் என்று முதல் பெட்டியில் முருகன், கடைசிப் பெட்டியில் அப்பா பெயர் குப்புசாமி என்று நிரப்புவார்கள். கட்டுரை வெளிவந்ததும் மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் 'குப்புசாமி, மு.' என்று எழுதுவார்கள். அப்பாவுக்குப் பெருமைதான், ஆனால் ஆய்வு செய்தது நீங்கள்.

என் யோசனை: கடைசிப் பெயர் பெட்டியில் உங்கள் சொந்தப் பெயர், முதல் பெயர் பெட்டியில் இனிஷியல். மேற்கோளில் 'முருகன், கு.' என்று சரியாக விழும். ஒற்றை எழுத்தை ஏற்காத தளங்களில் இனிஷியலை விரித்துக் குப்புசாமி என்று முதல் பெட்டியில் போடுங்கள், விளைவு அதேதான். ஆர்க்கிட்டிலும் ஓஜேஎஸ்ஸின் புதிய பதிப்புகளிலும் குடும்பப் பெயர் கட்டாயமில்லை, ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவதுதான் முக்கியம். ஒரு கட்டுரையில் கு. முருகன், இன்னொன்றில் முருகன் குப்புசாமி, மூன்றாவதில் முருகன் கே. என்று இருந்தால் தேடுகிற எந்திரத்துக்கு நீங்கள் மூன்று பேர். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதா? மூன்றையும் ஒரே ஆர்க்கிட் எண்ணுக்குக் கீழே சேர்த்துவிடுங்கள்.

சப்மிட் பண்ணி மூணு வாரம் ஆச்சு, ஒரு மெயில்கூட வரலை. ஜர்னல்ல தூங்குறாங்களா?

போன மார்கழியில் ஓசூரிலிருந்து ஒரு விரிவுரையாளர் இதே கேள்வியோடு ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். கட்டுரை அவர் மேசையிலேயே இருந்தது! எடிட்டோரியல் மேனேஜரில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் சாஃப்ட்வேர் அவற்றை ஒரே பிடிஎஃப்பாகக் கட்டும். நீங்கள் அதைத் திறந்து பார்த்து, ஒப்புதல் கொடுத்தால்தான் கட்டுரை இதழுக்குப் போகும். பிடிஎஃப் கட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் 'முடிந்தது' என்று நினைத்து ஜன்னலை மூடிவிடுவார்கள். முகப்புப் பக்கத்தில் 'ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பவை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதன் பக்கத்தில் 1 என்று இருந்தால் கதை இதுதான்.

கட்டுரை எண் ஒன்றுடன் ரசீது மெயில் வந்தால்தான் சமர்ப்பித்ததாக அர்த்தம். வரவில்லையென்றால் முதலில் ஸ்பேம், அப்புறம் முகப்புப் பக்கம், அதற்கப்புறம்தான் இதழை விசாரிப்பது.

ரெண்டு மாசமா 'வித் எடிட்டர்'னே காட்டுது. ரிஜெக்ட் பண்ணப் போறாங்களா?

அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் என்னவெல்லாமோ நடக்கும். எடிட்டர் இன்னும் திறக்கவே இல்லாமல் இருக்கலாம். திறந்து, பிடித்துப்போய், ரிவ்யூவர் தேடிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும். எங்கள் பொறியியல் இதழில் இரண்டு ரிவ்யூவர் கிடைக்க எட்டு பேருக்கு அழைப்பு அனுப்பியது உண்டு. ஒவ்வொருவரும் பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கடைசியில் 'நேரமில்லை' என்பார், சிலர் அதையும் சொல்ல மாட்டார்கள். சம்பளமில்லாத வேலை, கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? பல தளங்களில் தேவையான எண்ணிக்கையில் ஆட்கள் ஒப்புக்கொள்ளும் வரை 'அண்டர் ரிவ்யூ' என்று மாறாது.

இரண்டு மாதம் ஆகிவிட்டால் தாராளமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கட்டுரை எண், தலைப்பு, அனுப்பிய தேதி, 'ரிவ்யூவர்கள் கிடைத்துவிட்டார்களா' என்று ஒரு வரி, போதும். தளத்திலுள்ள செய்திப் பெட்டி வழியாக அனுப்பினால் அது கட்டுரையின் பதிவேட்டிலேயே சேரும், எடிட்டரின் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் தொலையும்.

'அண்டர் ரிவ்யூ' பக்கத்துல இருந்த தேதி நேத்து மாறிச்சு. நல்ல செய்தியா கெட்ட செய்தியா?

ரெண்டும் இல்லை. ஒரு ரிவ்யூவர் கருத்தை அனுப்பினாலும் தேதி மாறும், ஒருவர் விலகிப் புது ஆளைப் போட்டாலும் மாறும். தேதியை வைத்து ஜாதகம் கணிக்காதீர்கள். எல்சிவியர் போன்ற சிலர், எத்தனை அழைப்பு ஏற்கப்பட்டது, எத்தனை ரிவ்யூ வந்தது என்று இப்போது ஆசிரியர்களுக்கே காட்டுகிறார்கள், அது இருந்தால் அதைப் பாருங்கள்.

பேரை மறைச்சு அனுப்பச் சொன்னாங்க, எடுத்துட்டேன். மறுபடியும் 'பெயர் தெரிகிறது'னு திருப்பி அனுப்பிட்டாங்களே?

இரு பக்கமும் பெயர் மறைத்துச் செய்யும் ரிவ்யூவில் எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியக் கூடாது. முதல் பக்கத்தில் நீங்கள் எடுத்திருப்பீர்கள், ஆனால் பெயர் எட்டு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் பெயரே 'முருகன்_கைடு திருத்தியது' என்று இருக்கும். வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் தானாக ஏறியிருக்கும், ஓரத்துக் குறிப்புகளில் உங்கள் கைடின் பெயரும் சேர்ந்து நிற்கும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ போய் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' கொடுத்தால் இவற்றைக் களைந்துவிடலாம். பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகும் ஒருமுறை பண்புகளைத் திறந்து பாருங்கள்.

நன்றியுரை, நிதி உதவி எண், நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தின் கல்லூரிப் பெயர், நிரல்களை ஏற்றி வைத்திருக்கும் கிட்ஹப் பக்கத்தின் இணைப்பு எல்லாம் காட்டிக்கொடுக்கும். 'எங்கள் முந்தைய ஆய்வில் (முருகன், 2021)' என்பதை 'முருகன் (2021) காட்டியபடி' என்று யாரோ போல எழுதுங்கள். தலைப்புப் பக்கத்தை மட்டும் தனிக் கோப்பாக, அதற்கான வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டும். வகையை மாற்றிப் போட்டால் சாஃப்ட்வேர் அதையும் ரிவ்யூவருக்குக் காட்டிவிடும், அதற்கு அறிவு கிடையாது.

ரிவ்யூவர் பேர் நாலு கொடுக்கச் சொல்லுது. எங்க கைடு, ஹெச்.ஓ.டி. பேரைப் போட்டா சீக்கிரம் முடியுமே?

வேண்டாம். அவர்களுடைய மெயில் முகவரியின் பின்பாதியும் உங்களுடையதும் ஒன்றாக இருப்பது எடிட்டருக்கு முதல் பார்வையிலேயே தெரியும், சில தளங்கள் கொடி போட்டே காட்டும். கூட எழுதியவர்கள், ஒரே துறையினர், அண்மையில் சேர்ந்து கட்டுரை போட்டவர்கள் எல்லாம் விலக்கு. உங்கள் மேற்கோள் பட்டியலில் இருப்பவர்கள், நேரில் பழக்கமில்லாதவர்கள், இவர்கள்தான் பொருத்தம்.

இந்தப் பெட்டியின் மேல் இதழ்களுக்கு ஏன் இத்தனை சந்தேகம் என்று கேட்டால், பட்ட அடி அப்படி. 2012-ல் தென் கொரிய ஆய்வாளர் ஒருவர் பிடிபட்டார். பரிந்துரைத்த ரிவ்யூவர்களின் மெயில் முகவரிகளைத் தன்னிடமோ தன் கூட்டாளிகளிடமோ வந்து சேரும்படி கொடுத்துவிட்டு, தன் கட்டுரைகளுக்குத் தானே ரிவ்யூ எழுதியிருக்கிறார். எப்படிச் சிக்கினார்? ரிவ்யூ எல்லாம் 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது, எந்த மனிதன் அவ்வளவு வேகமாக ரிவ்யூ செய்கிறான் என்று எடிட்டருக்கு உறுத்தியது. 2014-ல் சேஜ் பதிப்பகம் ஜர்னல் ஆஃப் வைப்ரேஷன் அண்ட் கன்ட்ரோல் இதழிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, அங்கும் போலிக் கணக்குகள்தான். அதனால் ஜிமெயில் முகவரி கொடுக்காதீர்கள், நிறுவன முகவரியும் ஆர்க்கிட் எண்ணும் சேர்த்துக் கொடுங்கள்.

சிமிலாரிட்டி 28 சதவீதம் வந்திருக்கு. யூஜிசி 10தானே சொல்லுது, செத்தேனா?

சிமிலாரிட்டி என்பது ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு உங்கள் வரிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. அதில் இரண்டு வேறு கணக்கைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். 10 சதவீதம் வரை குற்றமில்லை, 10 முதல் 40 வரை முதல் நிலை என்று படிகள் வகுத்தது யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை, அது உங்கள் பல்கலைக்கழகம் உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பதற்கானது. அதிலேயே மேற்கோள்கள், நூற்பட்டியல், தொடர்ச்சியாக 14 சொல் வரை ஒத்துப்போகும் பொதுத்தொடர்கள் எல்லாம் கழித்துத்தான் எண்ண வேண்டும். பன்னாட்டு இதழ்கள் கிராஸ்ரெஃப் என்ற பதிப்பாளர் கூட்டமைப்பு வழியாக ஐதெண்டிகேட் என்ற ஒப்பீட்டு சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்கும், எடிட்டர் பார்ப்பது எண்ணை அல்ல, அறிக்கையில் நிறம் பூசிய இடங்களை.

28 சதவீதமும் ஐம்பது இடத்தில் அரை அரை வரியாகச் சிதறியிருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே கட்டுரையிலிருந்து 9 சதவீதம், அதுவும் முடிவுகள் பகுதியில் மொத்தமாக வந்திருந்தால் நான் எடிட்டரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். 'சிமிலாரிட்டி ரிமூவ் பண்ணித் தருகிறோம்' என்று சிவாஜி நகர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடையில்கூட போர்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் கட்டுரையைப் படித்தால் சிரிப்பு வரும், நிராகரிப்பும் வரும்.

ரெண்டு ஜர்னலுக்கு ஒரே நேரத்துல போட்டா சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்?

முன்பெல்லாம் தெரியாது, ஒரே ரிவ்யூவருக்கு இரண்டு இதழிலிருந்தும் அதே கட்டுரை போய்த்தான் மாட்டுவார்கள். குறுகிய துறைகளில் இன்றும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். இப்போது பதிப்பகங்கள் சேர்ந்து எஸ்.டி.எம். இன்டெக்ரிட்டி ஹப் என்ற அமைப்பு வழியாக, வேறு வேறு பதிப்பகங்களுக்கு ஒரே கட்டுரை வந்திருக்கிறதா என்றும் ஒப்பிடுகிறார்கள். பொறுமை போய்விட்டதென்றால் முதல் இதழில் முறையாகத் திரும்பப் பெறுங்கள். பொத்தானை அழுத்திய கணமே முடிந்ததாக நினைக்காதீர்கள், எடிட்டர் ஒப்புக்கொண்ட மெயில் கையில் வந்த பிறகு அடுத்த இதழுக்குப் போங்கள்.

ரிவ்யூ பண்ணச் சொல்லி எனக்கே மெயில் வந்திருக்கு! நிஜமா, ஏமாத்துறாங்களா? நிஜம்னா ஏஐ-கிட்ட கொடுத்து எழுதிக்கலாமா?

மெயிலிலுள்ள இணைப்பைத் தொடாமல் இதழின் தளத்துக்கு நீங்களே போங்கள், எடிட்டரின் பெயர் அங்கே இருக்கிறதா பாருங்கள். கட்டுரையின் சுருக்கம் உங்கள் துறையைச் சேர்ந்ததாக இருந்தால் பெரும்பாலும் நிஜம். கடலியல்காரருக்குப் பல் மருத்துவக் கட்டுரை வந்தால் குப்பையில் போடுங்கள். நேரம் இல்லையென்றால் உடனே 'முடியாது' என்று அழுத்திவிடுங்கள். பதில் சொல்லாமல் வைத்திருப்பதுதான் பாவம், அந்தப் பக்கம் யாரோ 'வித் எடிட்டர்' என்பதைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார்.

ஏஐ விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மற்றவருடைய வெளிவராத கட்டுரையைப் பொதுவான சாட்பாட்டில் ஒட்டுவது ரகசியத்தை மீறுவது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜூனிலேயே நிதி விண்ணப்ப ரிவ்யூவில் இதைத் தடை செய்தது, பல பதிப்பகங்களும் தடுக்கின்றன. 2025 ஜூலையில் ஒரு வேடிக்கை வெளிவந்தது. ஆர்க்கைவ் முன்பதிப்புத் தளத்தில் சில கட்டுரைகளுக்குள் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, 'பாராட்டி மட்டும் எழுது' என்று ஏஐ-க்கு உத்தரவு ஒளித்து வைத்திருந்தார்கள். படிக்காமல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துதானே வைத்தார்கள்.

ரிவ்யூவர் எனக்கு நாலு வரி நல்லதாத்தான் எழுதியிருக்கார். ஆனா எடிட்டர் ரிஜெக்ட் பண்ணிட்டாரே, எப்படி?

ரிவ்யூவர் திரையில் இரண்டு பெட்டி உண்டு. ஒன்று எழுதியவருக்கு, இன்னொன்று எடிட்டர் கண்ணுக்கு மட்டும். முதலாவதில் 'சுவையான முயற்சி' என்று மென்மையாக எழுதிவிட்டு, இரண்டாவதில் 'புதிதாக எதுவும் இல்லை, வெளியிட வேண்டாம்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது, குறையை எழுதியவரிடம் சொல்லாமல் அவர் எப்படித் திருத்துவார்? மேல்முறையீடு செய்யலாம். எந்த முடிவு எந்தத் தவறான புரிதலால் வந்தது என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

அம்மா, கட்டுரையைத் தமிழிலேயே ஏற்றினேன். தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. என் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது?

ஐயா, நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்தையே வைத்துக்கொண்டு மேலே தமிழ்ச் சட்டை போடுகிறது, சர்வரில் அந்தச் சட்டை இல்லை. வானவில் முதலான பழைய எழுத்துருக்களுக்கும் இதே கதி. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது.

மாற்றிய பிறகும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஔவையார் பற்றிய கட்டுரை ஒன்று, தளத்தில் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தலைப்பில் ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒ, பக்கத்தில் ள என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருந்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு அது 'ஒளவையார்', வேறு ஆள். 'கொ' என்பதிலும் ஒரு வம்பு உண்டு: அதன் குறியை ஒரே எழுத்தெண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். இவற்றை ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத தேடலில் பாதி கட்டுரை காணாமல் போகும்.

எங்க துறையில தமிழ் ஆய்விதழ் ஆரம்பிக்கிறோம். ஓஜேஎஸ் இலவசம்தானே, ஒரு ஸ்டூடண்டை வெச்சுப் போட்டுக்கலாமா?

சாஃப்ட்வேர் இலவசம், அதைப் பார்த்துக்கொள்வது இலவசமில்லை. போடுவது ஒரு மாலை வேலை. அந்த மாணவர் படிப்பு முடித்துப் போன பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும். யாரும் புதுப்பிக்காத பழைய பதிப்பில் ஓட்டை வழியாக நுழைந்து, பக்கத்தின் அடியில் சூதாட்ட விளம்பர இணைப்புகளை ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள், எடிட்டருக்கே தெரியாது. கட்டுரைக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைத் தளத்தின் பொதுப் பகுதிக்கு வெளியே வைக்க வேண்டும் என்று ஓஜேஎஸ் ஆவணத்திலேயே இருக்கிறது, அதைப் படிக்காமல் உள்ளே வைத்த இதழ்களில் வெளிவராத கட்டுரைகள் இணையத்தில் திறந்து கிடந்ததையும் பார்த்தேன்.

இன்னொன்று மெயில். மெயில் நிஜமாகவே உங்கள் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம் என்ற இரண்டு அமைப்பும் சரியாக இல்லையென்றால் உங்கள் அழைப்புகள் ஸ்பேமில் விழும், 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் இன்னும் கெடுபிடி. ரிவ்யூவர்கள் மதிக்கவில்லை என்று நீங்கள் புலம்பிக்கொண்டிருப்பீர்கள், அவர்களுக்கு மெயிலே போயிருக்காது. இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-க்கு டெல்லியிலுள்ள நிஸ்பர் மையத்தில் விண்ணப்பியுங்கள். கல்லூரி நிர்வாகம் ஐந்து வருஷத்துக்குப் பணமும் ஓர் ஆளும் ஒதுக்கத் தயாரில்லையென்றால், மாதக் கட்டணத்தில் கிளவுடில் வைத்துத் தருகிறவர்களிடம் கொடுப்பது மேல். ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் எழுதி வாங்குங்கள்: பிரியும்போது கட்டுரை மட்டுமல்ல, ரிவ்யூ, கடிதங்கள், பயனர் பட்டியல் எல்லாம் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கைக்கு வரும்?

இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்கன்னா நல்ல ஜர்னல்தானே? கேர் லிஸ்ட்லயும் இருக்குன்னு போட்டிருக்காங்க.

ஓஜேஎஸ்ஸை யார் வேண்டுமானாலும் போடலாம் என்று இப்போதுதானே சொன்னேன், மோசடிக்காரருக்கும் அதே வசதி உண்டு. தான் ஏற்ற இதழ்கள் என்று வைத்திருந்த கேர் பட்டியலையோ யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. அதற்கு முந்தைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4305 இதழ்களைத் தூக்கியதும் நினைவிருக்கும். இன்னும் 'யூஜிசி கேர்' என்று முகப்பில் மின்ன விடுகிற இதழ் அதைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம், இல்லை உங்களைப் பிடிக்க வைத்திருக்கலாம்.

நான் பார்ப்பது வேறு. சமர்ப்பித்து நான்காம் நாள் 'ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்' என்று வந்தால் அங்கே ரிவ்யூவர் மேசையே இல்லை. வாட்ஸ்ஆப் எண் கொடுத்து அதில் கட்டுரையை அனுப்பச் சொன்னால் கேட்கவே வேண்டாம். நல்ல இதழ்களின் பெயரிலேயே நகல் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் எண்ணைத் தேடி, அங்கே கொடுத்திருக்கும் முகவரி வழியாக உள்ளே போங்கள்.

காலேஜ் மாறிட்டேன், பழைய மெயில் ஐடியை மூடிட்டாங்க. பேப்பர் அக்செப்ட் ஆகியிருக்குமோ என்னமோ, உள்ளேயே போக முடியலை!

இது மாதம் ஒன்றாவது வருகிறது. பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு மூடிய முகவரிக்கே போகும், அதனால் அந்த வழி உதவாது. புதிதாக இன்னொரு கணக்குத் தொடங்காதீர்கள், கட்டுரை பழைய கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். ஆர்க்கிட்டை முன்பே இணைத்திருந்தால் அது வழியாக உள்ளே போய் முகவரியை மாற்றுங்கள். இல்லையென்றால் இதழ் அலுவலகத்துக்குக் கட்டுரை எண்ணோடு எழுதி, கூட எழுதியவர்கள் எல்லோரையும் அதே மெயிலில் நகலாகச் சேர்த்து, பழைய கணக்கையே புது முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். நகல் இல்லாமல் வந்தால் நான் மாற்ற மாட்டேன், நீங்கள்தான் நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவசரமாகச் செய்யுங்கள். அச்சுப்படி பார்க்க அனுப்பினால் பல இதழ்கள் 48 மணி நேரம்தான் தருகின்றன, அதற்கப்புறம் நீங்கள் பார்க்காமலே போய்விடும், முருகன் குப்புசாமியாகவே வெளிவரும்.